கடல் இறங்கும்வரை திறக்காத மடை

புரட்டாசி மாதத்தில் இறால் பண்ணை பார்க்கக் கிளம்பிய ஒரே ஆள் இந்தத் தஞ்சாவூரில் நானாகத்தான் இருப்பேன். எங்கள் வீட்டில் ஆவணி கடைசி நாளே மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அப்புறம் ஒரு மாதத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. "போறதுதான் போற, ஐப்பசியில போனா ரெண்டு கிலோ வாங்கிட்டு வரலாமே!" என்று என் வீட்டுக்காரர் புலம்பினார். அவர் கவலை அவருக்கு.

காரணம் ஒரு பின்னூட்டம். போன பதிவுக்குக் கீழே ஒரு கல்லூரிப் பெண் எழுதியிருந்தாள்: "அக்கா, கோயில் கோயிலாப் போறீங்க, சரி. நீங்க சாப்பிடுற இறால் எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவை பாருங்களேன். எங்க அத்தா பண்ணைக்கு வாங்க." எனக்குச் சுருக்கென்றது. இறால் தொக்கைப் பற்றி இரண்டு பதிவு எழுதியவள் நான். அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டேன். பெயர் ஹாஜா மைதீன். ஷார்ஜாவில் இருந்துவிட்டுத் திரும்பி, வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலோரத்தில் நாலு குட்டை போட்டு இறால் வளர்க்கிறார். "அமாவாசைக்கு முத நாள் பிடிப்பு. வந்தா அன்னைக்கே வந்துடுங்க. மத்த நாள்ல பாக்கத் தண்ணிதான் இருக்கும்" என்றார்.

பிடிப்புக்கு முதல் நாள் மதியம் இரண்டு மணிக்குத் தஞ்சை புதிய பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் வண்டி ஏறினேன். திருவாரூர் வழியாக எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மூன்று மணி நேரம் ஆனது. நான் மறந்துபோன விஷயம், அது மகாளய அமாவாசை. வேதாரண்யம் கடலில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க முன்கூட்டியே கிளம்பிய கூட்டம் திருவாரூரிலேயே வண்டியை அடைத்துவிட்டது. மடியில் யாரோ ஒருவருடைய எள்ளுப் பொட்டலம், காலடியில் யாரோ ஒருவருடைய சொம்பு. ஆனால் ஜன்னல் பக்கம் கிடைத்தால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். திருவாரூர் தாண்டியதும் சம்பா வயல்கள் இளம் பச்சையாகக் கிடந்தன. கிழக்கே போகப் போக வாய்க்கால்கள் அகலமாயின, மரங்கள் குள்ளமாயின, வானம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பாதி தூக்கத்தில் பார்த்தபோது வண்டி தண்ணீர்மேல் போவது மாதிரி இருந்தது. நாகையில் வண்டி மாறி, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வேளாங்கண்ணியில் எண்ணூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். மின்விசிறி நன்றாகச் சுற்றும். தண்ணீர் உப்பு.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோ. நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார்.

"இறால் வாங்கவா மேடம்?"

"இல்லைங்க, சும்மா பார்க்க."

"புரட்டாசியில இறாலைப் பாக்கவா!" என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவே இல்லை. என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் போல.

பண்ணையை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். மெல்லிய மூட்டத்துக்குள் எங்கோ மழை பெய்கிற சத்தம். வானத்தில் நட்சத்திரம் இருக்கிறது, மழைச் சத்தமும் கேட்கிறது. கிட்டப் போனதும்தான் தெரிந்தது, குட்டைகளில் சக்கரங்கள் சுற்றித் தண்ணீரை வாரி இறைக்கின்றன. இறால் மூச்சு விடுவதற்குக் காற்று கலக்கும் சக்கரங்கள். ஒவ்வொரு குட்டைக்கு மேலேயும் பறவைகள் இறங்காதபடி குறுக்கும் நெடுக்குமாக நைலான் நரம்பு கட்டியிருந்தார்கள். கிழக்கு வெளுத்தபோது அந்த நரம்புகளில் பனித்துளி கோத்து நின்றது. கரையில் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து, எட்டாத விருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஈர வரப்பில் நடந்தேன்.

ஹாஜா பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். "வாங்க வாங்க, டீ குடிங்க" என்று பிளாஸ்க்கைத் திறந்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "மூணு மணிக்கு வர வேண்டிய ஐஸ் வண்டி இன்னும் வரல."

அவர் ஏன் தவிக்கிறார் என்பதை அங்கே வேலை பார்க்கும் தமிழரசி எனக்கு விளக்கினார். நாற்பது வயதுக்காரர். குட்டைகளுக்குத் தீனி போடுவதும், இறால் தின்றதா என்று தட்டைத் தூக்கிப் பார்ப்பதும் அவர் வேலை. அமாவாசைக்கு இறால் ஓடு உரிக்குமாம். உரித்துவிட்டால் உடம்பு மெத்தென்று ஆகிவிடும், ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் தள்ளிவிடுவார்கள். அதனால் அதற்கு முன்னால் பிடித்தாக வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் குட்டைத் தண்ணீரை வடிக்க வேண்டும். மடையைத் திறந்தால் தண்ணீர் வடிகாலில் விழுந்து உப்பாற்றுக்குப் போய்க் கடலில் சேரும். ஆனால் கடல் இறங்கியிருக்கும்போதுதான் ஆறு அதை வாங்கும். கடல் ஏறியிருக்கும்போது திறந்தால், போக வழியில்லாமல் தண்ணீர் வடிகால் கரையைத் தாண்டிப் பக்கத்து வயலில் ஏறிவிடும்.

"ராத்திரி கடல் இறங்குன நேரத்துல பாதித் தண்ணிய விட்டோம்க்கா. வண்டி வந்திருந்தா மிச்சத்தையும் விட்டுப் பிடிச்சிருப்போம். வரல. இப்ப கடல் ஏற ஆரம்பிச்சிருச்சு. மடையப் பூட்டிட்டேன்."

"பூட்டா?"

தாலிக் கயிற்றோடு ஊக்கில் மாட்டியிருந்த சாவியைக் காட்டினார். மடையின் இரும்புச் சக்கரத்தில் சங்கிலி சுற்றி ஒரு பூட்டு தொங்கியது. வடிகாலை ஒட்டி, எல்லாவற்றிலும் தாழ்வாகக் கிடந்த மூன்று மா வயல், ஏறக்குறைய ஒரு ஏக்கர், தமிழரசியுடையது. அவருடைய அப்பா ஊர் ஊராக நடவுக்கும் அறுப்புக்கும் போய்ச் சேர்த்து வாங்கியது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தமென்று எழுதிய நிலம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பிடிப்பு அன்று உப்பும் கழிவுமாகத் தண்ணீர் அந்த வயலில் ஏறிவிட்டது. அடுத்தடுத்து மூன்று தடவை விதைத்தும் பயிர் மேலே வரவில்லை. தமிழரசி மடைமேலேயே போய் உட்கார்ந்துவிட்டார். ஊர் கூடிப் பேசியது. பண்ணையை மூடச் சொல்லவும் மனம் இல்லை, அத்தனை வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். கடைசியில் முடிவானது இது: குட்டை பாயுடையது, மடைச் சாவி தாழ்ந்த வயல்காரரிடம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, அவர்களாகச் செய்துகொண்டது. நான் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடடா, எவ்வளவு அழகான ஏற்பாடு என்று பதிவுக்கு வரிகூட யோசித்துவிட்டேன். ஏழு மணிக்கு ஐஸ் வண்டி வந்ததும்தான் அதன் விலை தெரிந்தது.

ஐஸ் கம்பெனியில் கரண்ட் போய்விட்டதாம், அதனால் தாமதம். ஓட்டுநர் இறங்கியதுமே, "பதினோரு மணிக்கு மேல நிக்க மாட்டேன் பாய். இன்னொரு பண்ணை இருக்கு" என்று சொல்லிவிட்டார். பிடிப்புக்கு வந்திருந்த பத்துப் பதினைந்து பேர் விடிவதற்கு முன்பிருந்தே குந்தியிருந்தார்கள். வெயில் ஏறியது. பாதித் தண்ணீரில் நெருக்கியடித்த இறால்கள் மேலே வர ஆரம்பித்தன. தண்ணீர் முழுக்க மெல்லிய மீசைகளாக அசைந்தது. அழகாக இருக்கிறதே என்று போனில் படம் எடுத்தேன். "மூச்சு முட்டுதுக்கா, அதான் மேல வருது" என்றார் தமிழரசி. வெட்கமாகப் போய்விட்டது. போனைப் பைக்குள் போட்டேன்.

"திறந்துடு தமிழு" என்றார் ஹாஜா பாய்.

தமிழரசி ஆற்றுப் பக்கம் பார்த்தார். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு நிறைந்து நின்றது. "கடல் ஏறி நிக்குது பாய். மத்தியானத்துக்கு மேலதான் இறங்கும்."

"அதுவரைக்கும் இறால் தாங்குமா? கொஞ்சமாத் திற. மேல ஏறுதான்னு நான் பாத்துக்கிறேன்."

"அன்னைக்கும் இதான் சொன்னீங்க."

பிடிப்புக் கூட்டத்தின் தலைவர் முருகையன் எழுந்து வந்தார். "ஏன் தமிழு, உன் மூணு மா வயலுக்காக இம்புட்டுப் பேரு வயித்துல அடிக்கிறியே, நல்லாவா இருக்கு?"

"என் வயித்துல அடிச்சப்ப நீ எங்க அண்ணே போயிருந்த?"

வயலைப் பார்த்தேன். விதைத்து ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர், காற்று போகிற பக்கமெல்லாம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. முழங்காலளவு கூட இல்லை. உப்புத் தண்ணீர் ஒரு பொழுது நின்றால் போதும்.

ஹாஜா பாய்க்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "திறன்னு சொல்றேன்ல! ஒரு போகம் பூரா போட்ட தீனியெல்லாம் தண்ணியில போகுது. நீ தீனி போட்ட இறால்தானே! உனக்குப் பதறலியா?"

"பதறுது பாய்." தமிழரசியின் கை சாவியை இறுகப் பிடித்திருந்தது. "நான் உங்கக்கிட்ட வேலை பாக்குறவதான். நாளைக்கு வராதன்னா வரல. சாவிய மட்டும் கேக்காதீங்க."

சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் ஒருவருடைய சோறும் நிலமும் எதிரெதிரே நிற்பதைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? ஓடிப்போய் ஆட்டோவில் ஏறிவிடலாமா என்றிருந்தது. ஆட்டோ எப்போதோ போய்விட்டது.

ஹாஜா பாய் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார், நான் ஏதோ வீட்டு ஆள் மாதிரி. சட்டையோடு குட்டையில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? இழுவலையை எடுங்க. தண்ணியோடயே இழுப்போம்!"

வடித்துப் பிடித்தால் மடை வாயில் பை கட்டிவிட்டால் போதும், இறால் தானாக வந்து விழும். தண்ணீரோடு இழுப்பதென்றால் குட்டையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வலையைச் சேற்றில் இழுக்க வேண்டும், திரும்பத் திரும்ப. முருகையன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் இறங்கினார். தமிழரசி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். கரையில் கயிறு பிடிக்க ஆள் போதவில்லை என்று ஐஸ் வண்டி ஓட்டுநர் வந்தார். அப்புறம், சிரிக்காதீர்கள், நானும் பிடித்தேன். இரண்டாவது இழுப்பில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். "மேடம், நீங்க படமே எடுங்க" என்றார் முருகையன். அன்று முதன்முதலாக எல்லோரும் சிரித்தார்கள்.

வலை கரையை நெருங்கும்போது நடந்ததை எப்படிச் சொல்வது? தண்ணீர் கொதித்தது. ஆயிரக்கணக்கான இறால்கள் ஒரே நேரத்தில் எகிறின. வெயில் அவற்றுக்குள் புகுந்து வெளியே வந்தது. கண்ணாடியாக, வெள்ளியாக, ஒரு கணம் காற்றில் நின்று, மனிதர்களுடைய தோளிலும் தலையிலும் விழுந்தன. இரைச்சலெல்லாம் அடங்கி, அந்தத் துள்ளல் மட்டும் எனக்குத் தெரிந்தது. இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. பிறகு பெட்டி, ஐஸ், எடை, கூச்சல் என்று உலகம் திரும்பி வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு வண்டி கிளம்பியது. பெரும்பங்கு ஏறிவிட்டது. ஆனால் இழுவலைக்குச் சிக்காமல் சேற்றில் பதுங்கியது நிறைய. மத்தியானம் வடித்துப் பிடித்தாலும் போட்டுவைக்க ஐஸ் இல்லை. கம்பெனி வாங்காது. உள்ளூரில் விற்கலாம் என்றால், புரட்டாசியில் யார் வாங்குவார்கள்? ஹாஜா பாய் அந்தக் கணக்கைத் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். தமிழரசி பக்கம் அவர் திரும்பவே இல்லை. முருகையன் ஆட்களும் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடல் இறங்கக் காத்திருந்த அந்த நேரத்தில் உங்களுக்கான தகவல்களைச் சொல்லிவிடுகிறேன். பண்ணைகளுக்குச் சொல்லாமல் போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று பயம், காலைக் கழுவிவிட்டுத்தான் கரையில் ஏற்றுவார்கள். மாற்றுத் துணி கட்டாயம். குடிதண்ணீர் கொண்டு போங்கள், அந்தப் பக்கம் எல்லாமே உப்பு. வேளாங்கண்ணிக்குத் திரும்ப மெயின் ரோட்டில் அரை மணிக்கொரு பேருந்து இருக்கிறது என்பார்கள். நம்பாதீர்கள், ஆட்டோக்காரர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகாளய அமாவாசையை ஒட்டிப் போகவே போகாதீர்கள். ஊர்ப் பெயரைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம், எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

தீனி மூட்டைகள்மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன் போல. சக்கரங்களின் மழைச் சத்தத்தில் நான் எங்கிருக்கிறேன் என்றே தெரியாமல் எழுந்தேன். தமிழரசி பக்கத்தில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தார். எனக்கும் பாதி வைத்தார். புளிச்சோறும் அப்பளமும்.

"பண்ணையே இல்லாம இருந்தா நிம்மதியா இருக்கும்னு தோணுதா?" என்று கேட்டேன். பெரிய கேள்வி கேட்டுவிட்டதாக நினைப்பு எனக்கு.

"ஐயோ, மூடிட்டா? அப்புறம் நான் திருப்பூருக்குல்ல போகணும்! இந்த வயல்ல வருசத்துக்கு ஒரு போகம், அது சாப்பாட்டுக்குத்தான். பொண்ணு நர்சிங் படிக்கிறது இந்தக் கூலியிலதான்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "வடியுற தண்ணியத் தெளிய வைக்க ஒரு குட்டைய ஒதுக்குங்கன்னு ஊர்ல கேக்குறாங்க. பாய் சொல்றாரு, ஒரு குட்டை சும்மா கெடந்தா ரெண்டு மூணு பேருக்கு வேலை இல்லன்னு. அதுவும் உண்மைதான். எனக்கு வயலும் வேணும், பண்ணையும் வேணும். ரெண்டும் கேட்டா பேராசையாக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். கோயிலைப் பற்றி எழுதும்போது எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். இங்கே எதுவும் தெரியவில்லை. வேலை வேண்டும் என்பவரும் மண் வேண்டும் என்பவரும் இரண்டு கட்சி என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே ஒரே ஆள்தான் இரண்டு பக்கமும் நின்றார், அதுவும் புளிச்சோறு தின்றுகொண்டு.

மதியம் இரண்டரைக்கு மேல் உப்பாற்றில் சேறு தெரிந்தது. நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்தன. தமிழரசி ஆற்றங்கரைவரை நடந்துபோய், ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டு, அது கடல் பக்கம் போகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். மிச்ச இறாலுக்காக மடை வாயில் பை கட்டிவிட்டு, பூட்டைத் திறந்து சக்கரத்தைச் சுழற்றினார். பழுப்பும் பச்சையுமாகத் தண்ணீர் வடிகாலில் இறங்கியது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனால் அது கரைக்குள்ளேயே, அமைதியாக, வயலைத் தொடாமல் கடலைப் பார்த்துப் போனது. பயிரின் மேல் தும்பிகள் பறந்துகொண்டிருந்தன. நாங்கள் மூன்று பேரும் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை.

குட்டையின் அடி தெரிந்ததும் தமிழரசி மடையை இறக்கிப் பூட்டினார். சாவியைத் தாலிக் கயிற்றில் மாட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஹாஜா பாயிடம் போனார். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"நாளைக்கு நான் வரவா பாய், வேணாமா?"

"குட்டை அடியக் காயப் போடணும். நீ வராம யாரு செய்வா? ஏழு மணிக்கு வந்துடு."

"அப்படின்னா இதை நீங்களே வச்சுக்குங்க." சாவியை நீட்டினார். "என்கிட்ட இருந்தா உங்களுக்கு நஷ்டம்தான்."

ஹாஜா பாய் சாவியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா, உன்கிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இருந்திருந்தா காலையிலயே திறந்திருப்பேன்."